எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’

முட்டி மாற்றி ஒன்பது வருடமாகிறது. மாற்றிய முட்டியும் இப்போது தளர்ந்து ஆடத் தொடங்கிவிட்டது. பேருந்தின் முதல் படியில் கால் வைத்தால் ‘கடக்’. டிக்கெட் எடுக்காதவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே அடுத்த வாசல் வழியாக இறங்கிவிடுவார்கள். டிக்கெட் பரிசோதகர் அம்மாளுக்கு இதைவிட இடைஞ்சல் வேறென்ன வேண்டும்?

வேறொன்று ஒருநாள் மாலை வீடு தேடி வந்தது. தங்கையின் கணவர். காப்பீட்டு முகவர்தான், ஆனால் கார்டில் ‘முதுநிலை வாழ்வியல் நலப் பாதுகாப்பு ஆலோசகர்’ என்று இருக்கும். இடம் போதாமல் பெயர் பின்பக்கத்துக்குப் போய்விட்டது.

“அக்கா, கையெழுத்து மட்டும் போடுங்க. மத்ததெல்லாம் நானே போட்டுட்டேன்.”

மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் இருபத்தொரு கேள்விகள். இருபத்தொன்றுக்கும் ‘இல்லை’யில் டிக். அவர் பையில் அப்படி ஒரு கட்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி பார்த்தபடியே டிக் போட்டு வைப்பார். ஆளைப் பார்க்காமலே குணப்படுத்துகிற கைராசி.

“செயற்கை மூட்டு இருக்கான்னு கேட்டிருக்கு. இல்லைன்னு போட்டிருக்கீங்க. அப்போ நான் எதுல நடக்கறேன் மாப்ளே?”

“எல்லாரும் இப்படித்தான்க்கா. ஆடுற மூட்டுன்னு எழுதினா எந்தக் கம்பெனியும் வாசல்ல சேர்க்காது.”

“டிக்கெட் காத்துல பறந்துடுச்சுன்னு சொன்னவங்களை முப்பது வருஷமா பிடிச்சவ நான். என்னையே அதைச் சொல்லச் சொல்றீங்களா?”

அம்மாள் புது விண்ணப்பம் வாங்கினார். ‘ஆம். தளர்ந்திருக்கிறது. படி ஏறினால் சத்தம் வரும்’ என்று எழுதி, எக்ஸ்ரேயையும் இணைத்தார். இரண்டு கம்பெனிகள் கைவிரித்தன. “எங்க வீட்டு உண்மை விளம்பி” என்று ஆலோசகர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். மூன்றாவது கம்பெனி ஒப்புக்கொண்டது. கட்டணம் கொஞ்சம் கூட. முட்டிச் செலவுக்கு மட்டும் மூன்று வருடம் காத்திருந்த பிறகுதான் பணம். அம்மாள் முத்திரை வைத்த நகலை வாங்கிப் பத்திரப்படுத்தினார்.

பாலிசி எடுத்த எட்டாம் மாதம் குடல்வால் வீங்கி அவசர ஆபரேஷன். மூன்றாம் நாள் கம்பெனியின் விசாரணை அதிகாரி வார்டுக்குள் வந்தார். முதலில் டை வந்தது, பிறகு அவர்.

“உங்க வலது முட்டி செயற்கை. அதுவும் தளர்ந்தது. ஆஸ்பத்திரி ரெக்கார்டுல இருக்கு. மறைச்சு வாங்கின பாலிசி செல்லாதும்மா.”

கட்டில் அருகே பழப்பையோடு நின்ற ஆலோசகருக்கு வியர்த்தது.

“என் விண்ணப்பத்தைப் படிச்சீங்களா சார்?”

“படிக்கணுமா? எல்லாரும் என்ன எழுதுவாங்கன்னு தெரியாதா?”

அம்மாள் தலையணைக்கு அடியிலிருந்து நகலை எடுத்து நீட்டினார். “பதினாலாவது கேள்வி. சத்தமாப் படிங்க, கடைசிக் கட்டில் வரைக்கும் கேக்கட்டும்.”

‘ஆம்’ என்று தொடங்கிய குரல், ‘சத்தம் வரும்’ என்று முடிக்கையில் சத்தமே இல்லாமல் போனது. கீழே அவர்கள் கம்பெனி முத்திரை. வார்டே சிரித்தது, தையல் போட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று மாலையே மொத்தச் செலவையும் கம்பெனி கட்டியது.

அதிகாரி போன பிறகும் ஆலோசகர் மட்டும் கட்டிலருகிலிருந்து நகரவில்லை.

“அக்கா, என் சொந்தப் பாலிசி இருக்கே... அதுலயும் எல்லாத்துக்கும் இல்லைதான்.”

“சர்க்கரை?”

“பத்து வருஷமா.”

“நாளைக்கே கம்பெனிக்கு உண்மையை எழுதிக் கொடுங்க. கட்டணம் கூடக் கேட்டா கட்டுங்க.”

ஆலோசகர் பையிலிருந்த ‘இல்லை’ விண்ணப்பக் கட்டை எடுத்து, தானே கிழித்து, கட்டிலடிக் குப்பைக்கூடையில் போட்டார். அம்மாள் திருப்தியாகத் தலையணையில் சாய்ந்தார்.

“நோயை மறைச்சு வாங்கற பாலிசி, டிக்கெட் எடுக்காத பயணம் மாப்ளே. பரிசோதகர் ஏறுற வரைக்கும்தான் சொகுசு.”