பாதிச் சட்டை

மூன்றாவது முறையும் அந்தச் சட்டை தேய்ப்பு மேஜைக்கே திரும்பி வந்து விழுந்தபோது அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஹோட்டல் பணியாளர்களின் வெள்ளைச் சட்டைகள், அறுபது உருப்படி, பன்னிரண்டு மணி வண்டிக்குப் போயாக வேண்டும். காலர், தோள், கைகள், முன்புறம், முதுகு. இருபத்தாறு வருடமாகக் கை தானாகப் போகும் பாதை. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒரு சுருக்கம் விடாமல் முடித்துவிடுவாள். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுச் சட்டையை நோட்டம் விட்டாள். காலருக்குள் தைத்திருந்த துணித்துண்டில் இருபத்து மூன்று என்று எண். சட்டை பளிச்சென்று இருந்தது. இதில் என்ன குறை?

"சட்டையே, உன்னைப் பாதிதான் தேய்ச்சிருக்காங்க. மீதியை யார் வந்து தேய்க்கணும்னு கேட்டுச் சொல்லு."

சொன்னது நாத்தனார். கணவரின் தங்கை. இதே சலவைக் கடையில் தேய்த்த துணியைச் சரிபார்த்து மடிக்கிற வேலை அவளுக்கு. பொத்தான் ஓரத்தில் நூல் அளவு சுருக்கம் இருந்தாலும் திருப்பி எறிவாள். பூதக்கண்ணாடி என்றுதான் கடையில் அவளைச் சொல்வார்கள், அவள் காதுபடவே. ஒரு வருடமாக அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நேர்ப்பேச்சு இல்லை. ஆனால் வேலை நடக்க வேண்டுமே. அதனால் இருவரும் சட்டைகளிடம் பேசிக்கொண்டார்கள். வீட்டில் கணவர், "நான் புருஷனும் இல்ல, அண்ணனும் இல்ல, தபால்காரன்" என்று அலுத்துக்கொள்வார்.

எல்லாம் அந்த ரயிலால் வந்தது. போன வருடம் நாத்தனாரின் மகள் வேலை கிடைத்து வெளியூர் கிளம்பினாள். ரயில் நகரும்வரை ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "அத்தை வரலியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். "முந்தின நாளே உங்க மேஜைக்குப் பக்கத்துல நின்னு நேரம் சொன்னேன்" என்றாள் நாத்தனார். "சொல்லவே இல்ல" என்றாள் இவள். இவள் இடுப்பில் தூக்கித் திரிந்த பெண்ணின் பயணம், சொல்லியிருந்தால் மறக்குமா? வேண்டுமென்றே சொல்லாமல் விட்டுவிட்டு, வரவில்லை என்று ஊரெல்லாம் தூற்றுகிறாள் என்று இவளும், வேண்டுமென்றே வராமல் இருந்துவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று அவளும் ஆளுக்கொரு பக்கம் விறைத்துக்கொண்டார்கள்.

"சட்டையே, கண்ணாடியை மாத்தச் சொல்லு" என்றாள் இவள்.

வழக்கமாக இதற்கு ஒரு பதிலடி வரும். அன்று வரவில்லை. நாத்தனார் மேஜைக்கு வந்து நின்றாள். வந்தது இவளுக்குத் தெரியவில்லை. இடதுபக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது. பிறகு இரண்டு கைகள் எங்கிருந்தோ நீண்டு, சட்டையைத் தலைகீழாகச் சுற்றி வைத்தன.

"இப்ப என்ன தெரியுது?"

சட்டையின் ஒரு பாதி கந்தலைப்போலச் சுருண்டு கிடந்தது. ஒரு கை முழுக்கத் துவைத்துப் பிழிந்த முறுக்கு அப்படியே இருந்தது. நடுப்பட்டியில் கோடு கிழித்தாற்போல, அதற்கு அந்தப்பக்கம் வழவழப்பு, இந்தப்பக்கம் கசங்கல்.

"நீதான் கசக்கிட்ட" என்றாள். சொல்லும்போது நாக்கு ஏதோ சோற்றுப் பருக்கையைத் தேடுவதுபோல் தடுமாறியது.

நாத்தனார் சட்டையைப் பார்க்கவில்லை. இவள் முகத்தையே பார்த்தாள். ஒரு சுருக்கத்தையும் விடாத அந்தக் கண், உதட்டின் சரிந்த இடது ஓரத்தில் வந்து நின்றது.

"அண்ணி" என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு. "பெட்டியை அணைச்சிருங்க. வாங்க போகலாம்."

"அறுபது சட்டை..."

"சட்டை கிடக்கட்டும், அண்ணி."

ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எப்போது ஆரம்பித்தது? கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? இவளுக்கு என்ன தெரியும்? இவளைப் பொறுத்தவரை எதுவுமே ஆரம்பிக்கவில்லை. உலகம் முழுதாகத்தான் இருந்தது. நாத்தனார்தான் இளம் பெண் டாக்டரின் முன்னால் வந்து நின்று, கடைக் கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "எட்டு மணிக்குக் கை வெச்சாங்க. ஒரு சட்டைக்கு நாலு நிமிஷம். இருபத்திரண்டாவது சட்டை வரைக்கும் சுத்தம், நான்தான் மடிச்சேன். இருபத்து மூணுலதான் பாதி விட்டுப்போச்சு. அப்ப மணி ஒம்பதரை."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு சரியா யாருமே சொன்னதில்லம்மா" என்றார். பிறகு இவள் பக்கம் குனிந்து, படபடப்புக்காக முன்பே, ரத்தம் உறையாமலிருக்க எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். செய்தி கேட்டு ஓடிவந்திருந்த கணவர் அவசரமாகத் தலையாட்டினார். இவளுக்கும் ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. நாத்தனார் அந்தப் பார்வையோடு நின்றுகொண்டிருந்தாள். அதன் எதிரில் எந்தச் சுருக்கத்தை ஒளிக்க முடியும்?

"மூணு வாரமா நிறுத்திட்டேன்" என்றாள். "ஈறுல ரத்தம் வந்துச்சு. படபடப்பும் நின்னுபோச்சு, அதான்."

அந்த உண்மையும் அந்த ஒன்பதரையும் சேர்ந்துதான் காப்பாற்றின என்று டாக்டர் பின்னால் சொன்னார். நேரம் தெரியாமல் போயிருந்தாலோ, மாத்திரை ரத்தத்தில் இருந்திருந்தாலோ, அடைப்பைக் கரைக்கும் ஊசியைத் துணிந்து போட்டிருக்க முடியாதாம். நான்காம் நாள் படுக்கையருகே உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். இதயத்தின் மேல் அறை சீராகத் துடிக்காமல் நடுங்குகிறது. அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகிறது. அது மூளைக்கு ஏறி, வலது பக்கத்தில் ஒரு குழாயை அடைத்துவிட்டது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளைதான் மறந்துவிட்டது. "படபடப்பு தெரியலைன்னா நின்னுபோச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. அது சத்தம் போடாமயும் நடுங்கும்."

பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்து வேறு சில புள்ளிகளைக் காட்டினார். "இதெல்லாம் பழசு. உங்களுக்கே தெரியாம வந்துட்டுப் போயிருக்கு. சின்னச் சின்ன மறதி ஏதாவது இருந்துச்சா?"

அவள் படத்தை உற்றுப் பார்த்தாள். அந்தப் புள்ளிகள் மிகச் சிறியவை, வெள்ளைத் துணியில் தெறித்த தண்ணீர்த் துளிகளைப்போல. எது எந்த மாதத்தில் விழுந்தது என்று டாக்டராலும் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்குள் ஏதோ சரிந்து இறங்கியது. அடுப்பில் பால் வைத்ததை மறந்து பாத்திரம் கருகிய நாட்கள். சொல் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப்போன நாட்கள். வயசாகுது என்று சிரித்துக் கடந்தவை. அப்படியானால் அந்த ரயில்? மேஜைக்குப் பக்கத்தில் ஒருத்தி நின்று நேரம் சொல்லியிருக்கலாம். இவள் சரி என்று தலையாட்டியும் இருக்கலாம். பாதிச் சட்டையை முழுச் சட்டை என்று சத்தியம் செய்யத் துணிந்தவள்தானே இவள்? ஒரு வருடம் முழுக்க எத்தனை உறுதியாக இருந்தோம் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. அந்தப் பயத்தின் அடியிலேயே, இன்ன பெயரென்று சொல்ல முடியாத ஒரு நிம்மதியும் இருந்தது. நாத்தனார் பொய் சொல்லவில்லை. யாரும் யாருக்கும் எதுவும் செய்துவிடவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி மேஜைக்கு வந்தாள். ஒரு நாளைக்குப் பத்துச் சட்டை என்று பேச்சு. இடது கை கொஞ்சம் சோம்பேறித்தனம் செய்தது; இடதுபக்கம் இன்னும் அவ்வப்போது நழுவியது. காலையில் மாத்திரை வேளைக்கு நாத்தனார் தினமும் போன் செய்வாள். "மாத்திரை?" என்று ஒரே சொல். "போட்டாச்சு" என்றதும் வைத்துவிடுவாள். நேர்ப்பேச்சு என்று இருந்தது அவ்வளவுதான். அந்த ரயிலை இருவருமே தொடவில்லை.

மேஜையின் இடது கோடியில் சிவப்பு நாடா ஒன்று கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண்ணிடம் நாத்தனார் கேட்டு வந்த உபாயம்: சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும், அதுவரை சட்டை முடியவில்லை. இன்னொரு மாற்றமும் செய்திருந்தாள். இத்தனை வருடம் வலதுபக்கம் இருந்த தன் மடிப்பு மேஜையை நகர்த்தி இடதுபக்கம் போட்டிருந்தாள். ஏன் என்று கடைக்காரர் கேட்டதற்கு, "காத்து வருது" என்றாளாம். அந்த மூலையில் ஜன்னலே கிடையாது.

முதல் சட்டையை விரித்தாள். காலர், தோள், வலது கை. ஆவி முகத்தில் அடித்தது. நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது. பலமுறை தொண்டைவரை வந்தும் அது அவளிடம் ஒட்டவில்லை, யாரோ தைத்துக் கொடுத்த அளவு தப்பிய ரவிக்கைபோல. அவள் துணியின் மேல் குனிந்தாள்.

"சட்டையே" என்றாள் மெல்ல. "அந்த ரயில் நேரத்தை அவ சொல்லியிருப்பா. நான்தான் தவற விட்டிருப்பேன். என்னைப் பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்க ஒருத்தி இருந்தா, அதனால நிக்கிறேன். இதைச் சொல்லிடு."

பெட்டியின் சூடு துணியில் ஏறும் மெல்லிய சீற்றம் மட்டும். எங்கோ இடதுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சட்டையே" என்று கரகரத்த குரல் வந்தது. "பேசினது போதும், இடது கை இன்னும் கசங்கித்தான் கிடக்குன்னு சொல்லு. மத்தியானம் எம்பொண்ணு போன் பண்ணுவா. அத்தைகிட்ட குடுக்கச் சொன்னான்னும் சொல்லு."

அவள் தலையைத் திருப்பினாள். பொத்தான்களின் வரிசை முடிந்தது. இன்னும் திருப்பினாள். வெள்ளை நீண்டுகொண்டே போனது, இவ்வளவு இருந்ததா என்பதுபோல. கசங்கிய கை, அதன் முனையில் பட்டி, மேஜை விளிம்பு. கடைசியில் சிவப்பு நாடா. அதற்கும் அப்பால், சட்டையை வாங்கிக்கொள்ள நீட்டியபடி காத்திருந்த இரண்டு கைகள்.