தூங்குகிற வீட்டுக்கு ஒரு சாவி

"எனக்கும் ஒரு வீட்டுச் சாவி வேணும் சித்தி."

போட்டதைத் தின்னு, கொடுத்ததை உடுத்து, வாயைத் திறந்து எதையும் கேட்காதே என்று சொல்லித்தான் அம்மா அவளைச் சித்தி வீட்டில் விட்டுப்போனாள். சாவிப் பேச்சை மறந்தும் எடுக்காதே என்று போனில் வேறு சொல்லியிருந்தாள்.

சித்திக்கும் சித்தப்பாவுக்கும் ரொட்டி ஆலையில் இரவு வேலை. காலையில் வந்து கட்டிலில் விழுந்தால் பொழுது சாயும்வரை அடித்துப் போட்ட தூக்கம். பள்ளிக்கூடம் விட்டு வருகிறவள் மணியடிக்கக் கூடாது. மாடிப்படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் எழுந்து கதவைத் திறந்து, சாப்பிட்டுக் கிளம்பினால், வீடு முழுக்க இவள் ஒருத்திதான். பேச்சுத் துணைக்குக் குளிர்பெட்டி உறுமும்.

அந்தப் படியில்தான் வகுப்பில் படிக்கச் சொன்ன நாவலைப் படித்தாள். தூங்கும் இளவரசியின் பழைய கதையைப் புதிதாக எழுதியது. இதில் இளவரசன் வருவதில்லை. அவளே விழித்துக்கொள்கிறாள். அரண்மனையே தூங்குகிறது. கத்துகிறாள், பாத்திரங்களை உருட்டுகிறாள், காவல்காரனைப் பிடித்து உலுக்குகிறாள். ஒருவரும் அசையவில்லை. கோட்டைக் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறாள். முற்றும்.

வகுப்பே அந்த முடிவைக் கொண்டாடியது. இவள் மட்டும் எழுந்து, கதை சுத்தப் பொய் என்றாள். எழுதியவர் தூங்குகிறவர்களோடு குடியிருந்ததே இல்லை. இருந்திருந்தால், கதையில் இளவரசி மூச்சைக்கூட மெதுவாக விட்டிருப்பாள். அதுபோக, வெளியே போனவள் அன்றைக்கு ராத்திரி எங்கே படுத்தாள்? வகுப்பு சிரித்தது. இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மணி அடித்ததும் நேரே போய்ப் பள்ளி விடுதியில் இடம் கேட்டாள். விடுதிக்காரம்மா அம்மாவிடம் பேசினார். அம்மா அழுதுவிட்டுச் சரி என்றாளாம். ஆனாலும் சாவி கிடைத்தால் இருந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

சாவி என்றதும் சித்தி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். இவள் வந்த புதிதில் ஒரு விடுமுறை நாள் மத்தியானம் தட்டைக் கீழே போட்டாள். அன்றைக்குக் கலைந்த தூக்கம் சித்திக்குத் திரும்பி வரவேயில்லை. ராத்திரி ஆலையில் சூடான அடுப்புத் தட்டில் கை பட்டுவிட்டது. அந்தத் தழும்பு.

"சாவி குடுத்தா நீ உள்ள நடப்ப. நீ நடந்தா நான் முழிச்சுக்குவேன். யாரு ஏத்திவிட்டா, அந்தப் புஸ்தகமா?"

"புஸ்தகத்துல அவ சாவியே கேக்கல சித்தி. ராத்திரி எங்க படுத்தான்னும் எழுதல. நான் கேட்டு வெச்சிட்டேன். விடுதியில கட்டில் காலியா இருக்காம்."

சித்தப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடி அப்படியே நின்றார். சித்தி குரலை இறக்கினாள்.

"அரைமணி முன்னால எழுந்து திறக்கட்டுமா?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அந்த வீட்டில் கொடுப்பதற்கு இருந்ததே தூக்கம் ஒன்றுதான். அதிலும் சித்தி அரைமணியைப் பிய்த்துத் தருகிறாள். வாங்கிக்கொண்டால் நாளைக்கு இன்னொரு தழும்பு.

"வேணாம் சித்தி. நீங்க நல்லாத் தூங்குங்க."

ஏற்கெனவே கட்டிவைத்திருந்த பையைத் தோளில் மாட்டினாள். சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் மாடிப்படியின் முதல் வளைவைக் கடந்து கீழே இறங்கியிருந்தாள்.