நோன்பும் ஊசியும்

பாயில் சுவரோடு சாய்ந்து அமீருதீன். அவர் கால்மாட்டில் மனைவி பதுருன்னிசா. முக்காலியில் நர்ஸ் பிலோமி. மீன்கூடையை வெளியே இறக்கிவிட்டு வாசற்படியில் குப்பம்மா. ராயபுரத்து அந்த ஒற்றை அறையில் அன்று பகல் இருந்தது இவ்வளவு பேர்தான்.

ஆஸ்பத்திரிக்குத் தினம் நடக்க முடியாத சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது பிலோமியின் வேலை. அமீருதீன் கற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் பார்வை மங்கிவருவதால் இனி பதுருன்னிசாதான் போடவேண்டும். அவள் கத்திரிக்காயில் குத்திப் பழகிக்கொண்டிருந்தாள்.

"கத்திரிக்கா கம்முனு கீது. எனக்குக் குத்துனா தெருவே கூடிரும்," என்றாள் குப்பம்மா. அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கும் இதே ஊசி.

சிரிப்பு அடங்குவதற்குள் அமீருதீனின் தலை சாய்ந்தது. ஜிப்பா வேர்வையில் ஒட்டியிருந்தது, கை உதறியது. "கடைய எவன் தொறந்தான்?" என்று சுவரைப் பார்த்துச் சீறினார்.

"பாய் காலைல இன்னா சாப்ட்டாரு?"

"நோன்பு, நர்ஸம்மா. விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கும் ஒண்ணும் வேணாம்னுட்டார். ஊசிய மட்டும் விடாம போட்டுக்கினார்."

"வெறும் வயித்துலயா? சர்க்கரை எறங்கிப் போச்சு. இனிப்பு குடு, சீக்கிரம்!"

பதுருன்னிசா அசையவில்லை. வீட்டிலிருந்த வெல்லம், கற்கண்டு எல்லாவற்றையும் அண்டை வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தது இந்த நர்ஸ் பேச்சைக் கேட்டுத்தானே? போதாததற்கு நோன்பு. அதைத் தன் கையால் முறித்தால் அவர் பிறகு தன் முகத்தில் விழிப்பாரா?

"வெசம்னு சொன்னீங்களே…"

பிலோமியின் முகம் வெளுத்தது. "இப்பிடியும் ஆவும்னு நான் சொல்லிக் குடுக்கல, என் தப்பு. இப்ப குடுக்கலன்னா பாய் எழுந்திருக்க மாட்டாரு."

"ஆண்டவன்கிட்ட அப்பால பேசிக்கலாம் பீபிம்மா, ஆளு மொதல்ல பொழைக்கட்டும்!" குப்பம்மா கத்தினாள்.

நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, பதுருன்னிசா கரண்டியில் ஊற்றினாள். முதல் வாய் தாடியில் வழிந்தது. அவர் கையைத் தள்ளினார். கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள், தாடையை இறுக்கிப் பிடித்து மறுபடி ஊற்றினாள். தொண்டை ஏறி இறங்கியது.

கண் தெளிய நேரமாயிற்று. நாக்கால் உதட்டைத் தடவியவர், வாசலில் கிடந்த வெயிலைப் பார்த்தார்.

"நோன்ப முறிச்சிட்டியா?"

"ஆமாங்க."

மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் வாணியம்பாடி ஹஜ்ரத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லப் பிலோமி எழுதினாள்: ஊசி போட்டுக்கொள்பவன் நோன்பு பிடிக்கலாமா? முறிந்ததற்கு என்ன செய்வது?

"பதில் வர்ற வரைக்கும் பிடிப்பேன்," என்றார்.

"ஊசி போட்டா சாப்டணும் பாய். ஊசிய வுட்டாலும் ஆபத்து."



"இன்னொரு வரி எழுதுங்க நர்ஸம்மா," என்றாள் பதுருன்னிசா. "நாளைக்கும் இவருக்கு இப்பிடி வந்தா, நாளைக்கும் ஊத்துவேன்னு."

பிலோமி அமீருதீனைப் பார்த்தாள். அவர் ஈர ஜிப்பாவோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எழுத வேண்டாம் என்று தடுக்கவில்லை. பேனா ஓடி நின்றது.

பதுருன்னிசா கோந்து தடவி, உறையின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். தெருமுனைச் சிவப்புத் தபால்பெட்டிக்குள் பிலோமியின் கை கடிதத்தோடு மணிக்கட்டுவரை போய், வெறுமையாக வெளியே வரும்வரை வாசலிலேயே நின்றாள்.