வலது கீழ் மூலை

முதல் பெட்டியை அவள் இறக்கியபோதே, கிரேன் ஓட்டப் பயிற்சி தரும் மன்சிக்குக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கைதட்டியிருப்பார்கள். கொரியாவின் பூசான் துறைமுகத்தில் அன்று அடித்த காற்றில் நாற்பதடிச் சரக்குப் பெட்டி ஊஞ்சலாக ஆடும். புதிதாக வருகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்தப் போய்க் கூட்டிவிடுவார்கள். முதல் வாரத்தில் அழாமல் வீடு போனவர்கள் குறைவு. இந்தப் பெண்ணோ, பெட்டி எந்தப் பக்கம் சாயப்போகிறதோ அந்தப் பக்கம் கிரேனை ஒரு கணம் முன்னாலேயே நகர்த்தி, ஆட்டத்தை முளையிலேயே கிள்ளிவிட்டு, கீழே இருந்த பெட்டியின் மேல் நான்கு மூலையும் பொருந்த வைத்துவிட்டாள். அது பயிற்சியின் மூன்றாம் நாள்.

"எங்க கத்துக்கிட்டே?" என்று கேட்டார் மன்சிக்.

"இங்கதான் மேஸ்திரி. நீங்க சொல்லித் தந்தது."

"நான் சொல்லித் தந்தா மூணு மாசம் ஆகும். மூணு நாள்ல வராது."

அவள் பெயர் சூ போராம். இருபத்து மூன்று வயது. நான்காம் மாடி அறையில் திரைகளுக்கு முன்னால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் கிரேன் உச்சிக்கு யாரும் ஏறுவதில்லை. கிரேன் அங்கே வெயிலில் நிற்கும், ஓட்டுகிறவர் இங்கே ஏசியில் உட்கார்ந்திருப்பார். இருபத்திரண்டு வருடம் உச்சியில் உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கொண்ட மன்சிக்குக்கு இந்த ஏற்பாட்டின் மேலேயே பாதிச் சந்தேகம். மீதிச் சந்தேகத்தை அவர் போராமுக்காக எடுத்து வைத்தார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. பதினோரு வருடத்துக்கு முன்னால் போலி அனுபவச் சான்றிதழோடு ஒருவன் வேலைக்கு வந்தான். நன்றாகப் பேசினான், நன்றாகச் சிரித்தான். அவன் இறக்கிய பெட்டிக்கு அடியில் மன்சிக்கின் நண்பன் யோங்கு நசுங்கிச் செத்தான். அந்தச் சான்றிதழைப் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போட்டவர் மன்சிக். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கமே போகாது என்பார்கள். இவரோ தினமும் அதே அடுப்பங்கரையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மடியில் கனம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

போராமின் விண்ணப்பத்தில் ஓர் ஓட்டை இருந்தது. படிப்பு முடித்தது இருபது வயதில். அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு வெள்ளைத் தாள்.

மத்தியானம் உணவுக்கூடத்தில் பன்றிக்கறிச் சூப்பும் சோறுமாக அவள் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"அந்த மூணு வருஷம் எங்க இருந்தே?"

"வீட்ல இருந்தேன் மேஸ்திரி."

"வீட்ல என்ன பண்ணே?"

"சும்மாதான்."

"சும்மா இருந்த கையா இது?"

அவள் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். ஏப்ரல் மாதத்திலும் இரண்டு சட்டைப் பைகளிலும் கை சூடாக்கும் பொட்டலங்களை வைத்திருப்பாள். ஜாய்ஸ்டிக்கைத் தொடும் முன் ஐந்து நிமிடம் அவற்றைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டுவாள். ஒற்றைக் கையால் இரண்டே நிமிடத்தில் சோற்றை முடிப்பாள். வேலை செய்யும்போது வாய்க்குள்ளேயே "இடது காலி, வலது காலி, இறக்குறேன்" என்று யாருக்கோ தகவல் சொல்லிக்கொண்டிருப்பாள். யாருக்கு? அறையில் அவளையும் மன்சிக்கையும் விட்டால் தால்சு மட்டும்தான். தால்சு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பதிவேடு எழுதுகிறவன்.

"ஜெயிலுக்குப் போயிருப்பாளோ அண்ணே?" என்றான் தால்சு.

"ஜெயில்ல கிரேன் ஓட்டக் கத்துத் தர்றாங்களாடா? வேற துறைமுகத்துல வேலை பாத்திருக்கா. அங்க யாரையோ நசுக்கியிருக்கா. அதான் மறைக்கிறா."

"உங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தப்போகூட இவ்வளவு விசாரிக்கலையே நீங்க."

"அதனாலதான் இப்ப அவன் என் வீட்டுச் சோபாவுல படுத்துக் கிடக்கான்."

நான்காம் நாளிலிருந்து மன்சிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளைப் பார்க்க ஆரம்பித்தார். கையைப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. பிறகு கண்ணைப் பார்த்தார், அகப்பட்டது. பெட்டி நடுத்திரையில் இருக்க, அவள் கண் மட்டும் அடிக்கடி நழுவி வலது கீழ் மூலைக்குப் போய்த் திரும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினார். மூன்றுக்கு ஒரு தடவை, கடிகாரம் தவறினாலும் அது தவறவில்லை.

அன்று அவள் போன பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து அந்த மூலையைப் பார்த்தார். தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம். பயிற்சித் திடலின் ஓரத்துக் கேமரா காட்டுவது: வேலி, பழுது பார்ப்பவர்கள் நுழையும் சின்னக் கதவு, ஒரு விளக்குக் கம்பம், அதற்குப் பக்கத்தில் கடைசிப் பெட்டிக்கான காலி இடம். அங்கே கேமரா வைத்தவன்கூட அந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டான்.

அப்போதுதான் மன்சிக்குக்கு எல்லாம் விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்துக்கொண்டார். அவர் காலத்தில் கிரேன்காரனுக்குக் கண் கீழேதான் இருக்கும். தரையில் நிற்கும் சைகைக்காரன் கையை உயர்த்தினால் தூக்கு, உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு, முஷ்டியை மடக்கினால் நிறுத்து. நல்ல சைகைக்காரன் அமைந்தால் குருடன்கூட பெட்டி வைப்பான். ஆக, கம்பத்தடியில் கைதேர்ந்த சைகைக்காரன் ஒருவன் நிற்கிறான். காற்று எந்தப் பக்கம், பெட்டி எவ்வளவு சாய்கிறது என்று கை காட்டுகிறான். இவள் அதைப் பார்த்து ஓட்டுகிறாள். அப்பனோ, காதலனோ, காசுக்கு வந்தவனோ!

"கையும் களவுமா பிடிக்கிறேன் பாரு," என்றார் தால்சுவிடம்.

"கம்பத்தடியில ஒரு பூனையைத்தான் பாத்திருக்கேன் அண்ணே."

"பூனையோட வாலாட்டமா இருந்தாலும் பிடிப்பேன்."

வெள்ளிக்கிழமை தேர்வு. அரை மணி நேரத்தில் ஒன்பது பெட்டி. தேறினால் நிரந்தர வேலை. தவறினால் அன்று மாலையே அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும், மறு தேர்வு கிடையாது. போராமுக்கு இது ஐந்தாவது நிறுவனம். மற்ற நான்கில் நேர்காணலோடு சரி, யாரும் திரும்பக் கூப்பிடவில்லை என்று தால்சுவிடம் சொல்லியிருந்தாள்.

காலையில் வழக்கம்போல எல்லாரும் திடலில் வரிசையாக நின்று, விரலை நீட்டி, மன்சிக் சொல்லச் சொல்லக் கத்தினார்கள். "தலைக்கு மேல் சரி! காலுக்குக் கீழ் சரி! ஆரஞ்சு அங்கி சரி!" அந்த வாசகங்களை எழுதியவரே அவர்தான். அனுமதி வாங்காமலோ அங்கி போடாமலோ திடலுக்குள் கால் வைப்பவனுக்கு மூன்று மாதம் வேலை கிடையாது, சம்பளமும் கிடையாது என்ற விதியும் அவர் கைப்பட எழுதியது.

பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. ஐந்தாவது பெட்டி வரைக்கும் பின்னால் நின்று பார்த்தார். பிசகில்லை. கண் மட்டும் மூன்றுக்கு ஒரு தடவை மூலைக்கு ஓடியது. தால்சுவின் தோளைத் தட்டி, "நீ நேரத்தைக் குறிச்சுக்கோ, இப்ப வந்துடறேன்," என்று கிளம்பினார்.

திடலின் பெரிய வாசலைத் திறந்தால் கிரேன் தானாக நின்றுவிடும், ஆள் உஷாராகிவிடுவான். சின்னக் கதவுக்கு அந்த ஏற்பாடு இல்லை. அதற்கு ஒரே சாவி, அது மன்சிக்கின் இடுப்பில் இருந்தது. ஆரஞ்சு அங்கி தூரத்திலிருந்தே கண்ணில் படும் என்று கழற்றிக் கதவுப்பிடியில் மாட்டினார். வாக்கிடாக்கியில் சொன்னால் அவளுக்கும் கேட்கும் என்று அதையும் அணைத்தார். வேலியே பயிரை மேயக் கிளம்பியது.

கம்பத்தடியில் ஆள் இல்லை. ஒரு காகிதக் காபிக் கோப்பை உருண்டு கிடந்தது. இருந்திருக்கிறான்! எங்கே போனான்? பெட்டி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருப்பான். பூனைநடை போட்டு, பெட்டி இறங்கும் இடத்துக்கு எல்லையாகப் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டினார், அடுக்கின் ஓரத்துக்குப் போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கேயும் யாரும் இல்லை. காற்று காதை அடைத்திருந்தது. சுற்றிலும் திடீரென்று நிழல் விழுந்ததைக் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தார்.

நிமிர்ந்து பார்த்தார்.

தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் பெட்டியின் அடிப்பாகம் நின்றது. இருபத்திரண்டு வருடம் பெட்டிகளை மேலிருந்தே பார்த்தவர் அவர். அடியில் துரு இருந்தது, யாரோ சுண்ணக்கட்டியால் எழுதிய எண் இருந்தது, ஓரத்தில் தண்ணீர் சொட்டியது. யோங்கு கடைசியாகப் பார்த்தது இதைத்தான் என்று நினைத்தார். அவர் பயந்துபோனார், குழந்தை மாதிரிப் பயந்துபோனார்.

கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஒன்பதாம் இடத்துல நிக்கிறவரே, ஓடாதீங்க. ஓடினா விழுவீங்க. அப்படியே உட்காருங்க." போராமின் குரல் நடுங்கியது, பெட்டி நடுங்கவில்லை. "நான் மேல தூக்கிக்கிறேன். இப்ப எழுந்து கடல் பக்கமா நடங்க. மெதுவா. ஆ, அப்படித்தான்."

முழங்காலில் மண்ணோடு அவர் நான்காம் மாடிக்கு ஏறி வந்தபோது சுவர்க் கடிகாரம் முப்பத்தாறு நிமிடம் ஆகிவிட்டதாகச் சொன்னது. எட்டுப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்பதாவது ஆகாயத்தில் தொங்கியது. மேஸ்திரி வந்து விடுவிக்கும் வரை கிரேனைத் தொடக்கூடாது என்பதால் போராம் இரு கைகளையும் பைக்குள் விட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரு மேஸ்திரி அது? பாத்தீங்களா? அங்கி போடல, முகமும் சரியாத் தெரியல. அடி ஒண்ணும் படலையே?"

அவளுக்குத் தெரியவில்லை. தால்சுவுக்குத் தெரிந்துவிட்டது, முழங்காலைப் பார்த்தான், அங்கியைக் காணோம் என்பதையும் பார்த்தான். அவரை ஓரத்துக்கு இழுத்துக் காதோடு சொன்னான். "அண்ணே, நாய் ஒண்ணு வந்துச்சுன்னு எழுதிடறேன். அந்தக் கேமராவுல பதிவும் கிடையாது."

நாய் என்றால் கிரேன் நின்ற நேரத்தைக் கழிக்கக் கூடாது, விதி அப்படி. அவள் தவறிவிடுவாள். ஆள் என்றால் அந்த ஆறு நிமிடத்தைக் கழிக்கலாம், ஆளுக்காக நிறுத்திய பெட்டியும் வைத்ததாகவே கணக்கு, அவள் தேறுவாள். ஆனால் ஆளுக்குப் பெயர் எழுத வேண்டும்.

மன்சிக் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. அந்த மூலையை ஏன் பாத்துக்கிட்டே இருந்தே?"

"எந்த மூலை?"

"நடிக்காத. வலது கீழ் மூலை. மூணு எண்ணுறதுக்குள்ள ஒரு தடவை."

அவள் திரையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு பெருமூச்சு விட்டாள். "அது பழக்கம் மேஸ்திரி. கம்ப்யூட்டர் கேம்ல சின்ன வரைபடம் அங்கதான் இருக்கும். நடுவுல சண்டை நடக்கும்போது பக்கத்துலேர்ந்து எவனாவது வர்றானான்னு அதைத்தான் பாக்கணும். பாக்கலைன்னா செத்தேன். மூணு வருஷம், சம்பளத்துக்கு கேம் ஆடற ஒரு டீம்ல மாற்று ஆட்டக்காரியா இருந்தேன். தினம் பதினாலு மணி நேரம். ஒரு தடவை பாக்க மறந்தா கோச் எல்லார் முன்னாடியும் திட்டுவார். கடைசில கை மெதுவாயிடுச்சுன்னு அனுப்பிட்டாங்க."

"அதை ஏன் விண்ணப்பத்துல எழுதல?"

"முதல் கம்பெனியில எழுதினேன். சிரிச்சாங்க. ரெண்டாவதுல, இது வேலை, விளையாட்டு இல்லைம்மான்னாங்க. மூணாவதுலேர்ந்து எழுதறதையே விட்டுட்டேன்."

மன்சிக்குக்கு வெட்கமாக இருந்தது. எழுதியிருந்தால் தாமும் சிரித்திருப்போம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அப்போ நான் தவறிட்டேனா மேஸ்திரி? எட்டுதானே வெச்சேன்."

"ஒன்பதாவதை ஏன் வைக்கல?"

"ஆளு நின்னாரே!"

"நின்னது நான்தான்."

தால்சு காதிலிருந்த பஞ்சை எடுத்தான். போராம் அவர் முழங்காலைப் பார்த்து, "நீங்களா? அங்க என்ன பண்ணீங்க?" என்றாள்.

மன்சிக் அறிக்கைத் தாளை இழுத்தார். நுழைந்தவர்: க்வாக் மன்சிக். அனுமதி: இல்லை. அங்கி: இல்லை. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு 'சந்தேகம்' என்று எழுதினார்.

"யாரும் அப்படி எழுத மாட்டாங்க அண்ணே," என்றான் தால்சு.

"உண்மை அதுதானேடா." தேர்வுத் தாளில் ஆறு நிமிடத்தைக் கழித்துக் கையெழுத்துப் போட்டார். போராமின் விண்ணப்பத்தை அவள் பக்கம் தள்ளினார். "இந்த மூணு வருஷத்தை நிரப்பு."

"எழுதினா மேல இருக்கிறவங்க வேலை குடுப்பாங்களா?"

"தெரியாது. எழுதலைன்னா நான் மறுபடியும் சந்தேகப்படுவேன். உனக்கு எது பரவாயில்லையோ செய்."

அவள் பேனாவை எடுத்தாள். எழுதி முடித்ததும் மன்சிக் மூன்று தாள்களையும் அடுக்கிக்கொண்டு எழுந்தார். "கிரேனை விடுவிச்சாச்சு. தொங்கறதை இறக்கி வை."

கீழே இறங்கி, கதவுப்பிடியில் மாட்டியிருந்த அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு தலைமை அலுவலகத்தை நோக்கி வேலியோரமாக நடந்தார். மூன்று மாதச் சம்பளம் போகிறது. சோபாவில் கிடக்கும் மருமகனோடு மூன்று மாதம் பகல் பொழுதையும் கழிக்க வேண்டும். இரண்டில் எது பெரிய தண்டனை என்று யோசித்துக்கொண்டே கம்பத்தைத் தாண்டியபோது ஒலிபெருக்கி மறுபடியும் கரகரத்தது.

"மேஸ்திரி, மஞ்சள் கோட்டை மிதிக்கிறீங்க. வேலிப் பக்கம் தள்ளி நடங்க."

மன்சிக் குனிந்து காலைப் பார்த்தார். பாதிக் கால் கோட்டின் மேல்தான் இருந்தது. மறு பேச்சுப் பேசாமல் அந்தப் பக்கம் தள்ளி நடந்தார்.