தட்டில் சுழன்ற இரண்டு அலைகள்

சிவநேசன் ஜெர்மனிக்குப் போனதிலிருந்து எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. மலேசியாவில், சுங்கை பட்டாணியில் ஒரு கல்லூரியின் இரசாயன லேப்பில் வேலை பார்க்கிறேன். பக்கத்து ஊரான புக்கிட் செலம்பாவ்காரன் அவனும் இதே லேப்பில்தான் என்னோடு இருந்தான். ஜெர்மனியில் அவனுடைய ஆராய்ச்சி ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்களாம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டுமாம். அவன் வந்துவிட வேண்டும், எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மதியம் வீடியோவில் வந்தான். நாங்கள் சேர்ந்து செய்த பழைய பரிசோதனையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றான். இரசாயனங்களைக் கலந்து கண்ணாடித் தட்டில் மெல்லியதாக ஊற்றினேன். சிவப்புக் கரைசலில் நீல வளையங்கள் தாமாகக் கிளம்பிப் பரவின. ஒரு வளையத்தைக் கம்பியால் அறுத்தேன். அறுந்த முனைகள் சுருண்டு, ஒன்று இடமாகவும் ஒன்று வலமாகவும் சுழன்றன. இரண்டும் அனுப்பிய அலைகள் நடுவழியில் மோதி மோதி அழிந்தன. பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அவன் காப்பி எடுக்க எழுந்து போனான். என் கைப்பையில் எங்கள் மாதா கோவில் ஃபாதர் உப்பிட்டு மந்திரித்துக் கொடுத்த தீர்த்தம் இருந்தது. புது மோட்டார் சைக்கிள் வாங்கினாலும், பிள்ளைகள் பரீட்சைக்குப் போனாலும் எங்கள் வீட்டில் அதைத்தான் தெளிப்போம். பட்டம் வாங்கியவள் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். அவனைத் திருப்பி அனுப்பிவிடு மாதாவே என்று தட்டின் ஓரத்தில் தெளித்தேன்.

அந்தப் பக்கத்துச் சுழல் தடுமாறி அடங்கியது. மற்றது தன் இடத்தை விட்டு மெல்ல நகர ஆரம்பித்தது.

கோப்பையோடு திரும்பியவன் திரையில் மூக்கு ஒட்டக் குனிந்து, என்ன ஊற்றினாய் என்றான். சொன்னேன். கேலி செய்வான் என்று நினைத்தேன்; செய்யவில்லை. உப்பில் இருக்கும் குளோரைடுதான் அலையை அடக்கியிருக்கிறது என்றான். எத்தனை சொட்டு, எந்த ஓரம், பதிவாகிறதா என்று கேள்விமேல் கேள்வி கேட்டான். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாளாகிவிட்டது.

"ஒன்னு அடங்குனா இன்னொன்னு எங்க போகுதுன்னு இங்க யாரும் பாக்கல லா, ஜெனி. ரெண்டு வருஷ ஆராய்ச்சிக்கு எனக்கு இது போதும். இன்னைக்கே சைன் பண்ணிடுறேன்."

தட்டைத் தூக்கித் தொட்டியில் கொட்டிவிடலாம் போல ஆத்திரமாக இருந்தது.

"எல்லாம் கேட்டியே, எதுக்குத் தெளிச்சேன்னு கேக்க மாட்டியா?"

அவன் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் ஜெனி. அதான் கேக்கல."