ஓட்டைக்கொரு பொட்டு

சம்பந்தி ருக்மா மாமியிடம் நான் செஸ் ஆட்டத்தில் ஒருநாளும் தோற்றதில்லை. நேரத்தில்தான் தோற்றேன். இரண்டும் ஒன்றில்லை. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. அவர் சிரித்த அன்றைக்கு வத்தக்குழம்புக்கு அப்பளம் பொரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். மாமி பெங்களூரில், நான் திருநெல்வேலி சிந்துபூந்துறையில். இன்டர்நெட்டில் பலகையை விரித்து, ஆளுக்குப் பத்து நிமிடம் வைத்துக்கொண்டு ஆடுவோம். நான் யானையை நகர்த்த மவுஸை இழுத்தால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முதலில் யோசிக்கும். பிறகு உறுமும். பிறகு அந்த யானை கிளம்பலாமா வேண்டாமா என்று நிற்கும். ஆனித் தேராவது வடம் பிடித்தால் நகரும், இது அதுகூடச் செய்யாது. ஆனால் என் கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடி முடிந்துவிடும். அது எப்படி என்பது அந்த நெல்லையப்பருக்கே வெளிச்சம்.

முடிந்ததும் மாமி போனில் வருவாள். "பரவால்ல மாமி, வயசானா கை மெதுவாத்தானே போகும்" என்பாள். மாமி என்னைவிட ஒரு வயது மூத்தவள்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும்.

போனிலேயே ஆடேன் என்பார்கள் சிலர். ஆடிப் பார்த்தாயிற்று. அந்தச் சின்னத் திரையில் ராஜாவைத் தொட்டால் பக்கத்து ராணி கிளம்பிவிடுகிறாள். அப்படித்தான் ஒருநாள் ராணியை நானே கொண்டுபோய் மாமியின் குதிரை வெட்டும் கட்டத்தில் நிறுத்தினேன். போன் எனக்குச் சரிப்படாது.

இதுவரை விளையாட்டு. இனிமேல்தான் வினை. எங்கள் ஒரே பெண் சுப்ரியா, ருக்மா மாமியின் மருமகள், இப்போது முழுகாமல் இருக்கிறாள். வீடியோ காலில் பிரசவப் பேச்சு வந்தது.

"தலைப்பிரசவம் பொறந்தாத்துலதான். இது ஒண்ணும் நான் போட்ட சட்டம் இல்லையே" என்றேன்.

"இங்க ஆஸ்பத்திரி ஆத்து வாசல்லயே இருக்கே மாமி" என்றாள் ருக்மா மாமி, தேன் ஒழுக.

"ஏன், பாளையங்கோட்டையில என்ன, குழந்தையெல்லாம் மரத்துலயா காய்க்கறது?"

மாப்பிள்ளை ஸ்ரீசரண் மெதுவாகத் திரையை விட்டு நகர்ந்தான். சுப்ரியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "போதும்! வர ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் ஆடுங்கோ. ஜெயிக்கறவா ஆத்துலதான் என் பிரசவம். அப்புறம் யாரும் மூச்சு விடப்படாது" என்றாள்.

அவள் கேலியாகத்தான் சொன்னாள். மாமி "சரி" என்றாள். நான் விடுவேனா? நானும் "சரி" என்றேன். வேலைக்கென்று போனதிலிருந்து என் பெண் விருந்தாளி மாதிரி வந்து பெட்டியைப் பிரிக்காமலே திரும்பிப் போகிறவள். ஒரு மூன்று மாதம் அவள் என் வீட்டில் கிடக்க வேண்டும். நான் பூண்டு ரசம் வைக்க வேண்டும், அவள் மூஞ்சியைச் சுளிக்க வேண்டும், நான் திட்ட வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அது அத்தனையும் இப்போது ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரின் கையில் இருந்தது.

"இதை முறையா அணுகணும் கோமு" என்றார் என் வீட்டுக்காரர் சுப்பராமன். பாசனத்துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் தையல் மிஷினிலிருந்து கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றுக்கும் தானே இன்ஜினீயர் என்று நினைப்பு. "உன் செஸ்தான் அதை இழுக்கறது" என்று முறையாக ஆரம்பித்தார்.

"என் செஸ்ஸா? உங்க காலை வணக்கத்தை என்ன பண்றதாம்?" என்றேன்.

உறவுக்காரர்கள் தினமும் வாட்ஸப்பில் அனுப்பும் காலை வணக்கப் படங்களை, ரோஜாப்பூவும் குத்துவிளக்குமாக, ஒன்று விடாமல் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தார். வணக்கத்தை அழிப்பது அபசகுனமாம். உட்கார வைத்து அழிக்கச் சொன்னேன். பிள்ளையார் படம் வரும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழித்தார். முருகன் படங்களுக்கு எழுந்து நின்றார். அழித்து முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் ஒரு இம்மி வேகம் கூடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜங்ஷனிலிருந்து இசக்கிமுருகனை வரவழைத்தேன். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவர். தேவையில்லாததையெல்லாம் நீக்கினார், வைரஸ் தேடினார், என்னவோ தட்டினார்.

"மாமி, இதுல ஒரு கோளாறும் தெரியல. வைரஸ் கிடையாது, டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு. வயசாயிட்டுல்லா, இனிமே பையத்தான் போவும்."

"யாருக்கு வயசாயிடுத்து?"

"கம்ப்யூட்டருக்குத்தான் சொல்லுதேன் மாமி, கோவப்படாதிய" என்று பதறினார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார்வாள், வேணும்னா மூடியக் கழத்தி உள்ள ஒரு பார்வ பாத்துருவமா?" என்றார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா லட்சுமியைக் கழட்டுவாளா? நாளைக்கு வாங்கோ" என்றுவிட்டார் இவர். மறுநாள் இசக்கிமுருகனுக்குக் களக்காட்டில் ஒரு உறவுக்காரர் கல்யாணம். இரண்டு அடையைச் சாப்பிட்டுவிட்டு, புதுசு வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைக்குள் புதுசு வாங்கி அதைப் பழகி நான் எங்கே ஆட?

சனிக்கிழமை பராமரிப்பென்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் கரண்ட் வந்ததும் வெறும் ஆற்றாமையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஓடியது! யானை ஓடியது, குதிரை தாவியது. "ஏன்னா, ஓடறது, ஓடறது!" என்று கத்தி அவரை வாசலிலிருந்து இழுத்து வந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்ப்பதற்குள் அது பழையபடி படுத்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுதாலும் அடைக்கு அரைத்துத்தானே ஆக வேண்டும்? மிக்ஸியில் போட்டேன். பாதியில் மிக்ஸி நின்றுவிட்டது. அதை நான் திட்டவில்லை. சூடேறிவிட்டது, ஆறட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். கூடத்துக்கு வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

போய்க் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தேன். தோசை வார்க்கலாம் போலிருந்தது. சுவரோடு ஒட்டி நின்ற பெட்டியை இழுத்து, வருஷக்கணக்காக யாரும் பார்க்காத அதன் முதுகைத் திருப்பினேன்.

முதுகில் காற்று வெளியேறுவதற்கென்று குட்டிக் குட்டி ஓட்டைகள். அந்த ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சந்தனப் பொட்டு. ஒவ்வொரு சந்தனத்துக்கும் நடுவில் ஒரு குங்குமம். வரிசை பிசகவில்லை, ஒரு ஓட்டை விட்டுப்போகவில்லை. பொட்டின் மேல் பொட்டாகக் காய்ந்து கல்லாகி இருந்தது.

"ஏன்னா!" என்று நான் போட்ட சத்தம் ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும்.

வந்தார். பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பெருமைகூடத் தெரிந்தது. "ஆயுத பூஜைக்கு வச்சதுடி. வருஷா வருஷம் வைக்கறேனே."

"ஓட்டைக்கு ஓட்டையா வைப்பாளா?"

"ஒண்ணுக்கு வச்சுட்டு இன்னொண்ணுக்கு வைக்காம விடலாமோ? எங்க போனாலும் ஆயுத பூஜைன்னா என்னைத்தானே கூப்பிடறா. நறுவிசா வைப்பேன்னு பேர்."

"முன்னாடி ஒண்ணு வச்சுட்டு விட வேண்டியதுதானே?"

"முன்னாடி வச்சா வரவா போறவா கண்ணுக்கு அசிங்கமா இருக்கும்னு நீதானே சொன்னே."

வாழ்நாள் பூராவும் தாமிரபரணி வாய்க்காலில் அடைப்பு எடுத்த மனுஷன் இவர்! ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் வேலை பார்த்தபோது மதகில் கொஞ்சம் ஆகாயத்தாமரை சிக்கிக்கொண்டால் சாப்பாடு இறங்காது. அவரேதான் சொந்த வீட்டில் ஒரு கம்ப்யூட்டரின் மூக்கைச் சந்தனம் வைத்து அடைத்திருக்கிறார். திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து வீட்டு ப்ரீதா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

கரண்டைப் பிடுங்கி, கொண்டை ஊசியும் பழைய பல் பிரஷ்ஷுமாக இறங்கினேன். அவர் டார்ச் அடித்தார். மூடியைக் கழற்றினால் உள்ளே விசிறியிலும் சந்தனத் தூளும் தூசியும் சேர்ந்து அப்பியிருந்தது. சுரண்டி, துடைத்து, மூடியை மாட்டிக் கரண்டைப் போட்டோம். அந்தச் சனியன் பறந்தது! சூடேறிப் படுக்கவுமில்லை, உறுமவுமில்லை. பாதி அரைத்த அடை மாவை மறந்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி மவுஸைப் பிடித்துக்கொண்டு யானையை விரட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஆரம்பித்தது. நான் பட்டென்று நகர்த்தினேன். மாமியும் பட்டென்று நகர்த்தினாள். மாமி கெட்டிக்காரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாதி ஆட்டத்தில் மாமியின் பக்கம் அசைவு குறைந்தது. ஒரு சிப்பாயை நகர்த்த ஒரு யுகம். அவள் கடிகாரம் கரைந்துகொண்டே வந்தது. என் கடிகாரத்தில் நேரம் அப்படியே கிடந்தது.

"பார்த்தேளா, மாமிக்கு வயசாயிடுத்து" என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். இவர் முகம் வெளுத்திருந்தது.

"கோமு, போன நவராத்திரிக்கு பெங்களூர் போயிருந்தோமோல்லியோ?"

"ஆமாம்."

"அங்க ஆயுத பூஜை நான்தான் பண்ணினேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாள் என் நேரம் முடிந்து ஆட்டம் பாதியிலேயே நின்றதால் மாமியின் பெட்டி சூடேற வழியில்லை. ஆனாலும் கேட்டேன். "ஓட்டைக்கு ஓட்டையா?"

"சம்பந்தி ஆத்துல கஞ்சத்தனம் பண்ணப்படாதேன்னு இன்னும் கெட்டியா இழைச்சு வச்சேன்."

நான் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். மாமியின் நேரம் முடிந்துவிடும், என் பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள். பூண்டு ரசம் கண்ணுக்குத் தெரிந்தது. கைகள் இரண்டையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். எனக்கு ஜெயிக்க வேண்டும் என்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன்? ஆனால் அந்தப் பக்கம் மாமி மவுஸை இழுத்து இழுத்து உடம்பெல்லாம் எரிந்து உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாதா? அந்த எரிச்சலை என்னைவிட யார் பட்டிருக்கிறார்கள்? பிறக்கப்போகும் குழந்தை கேட்டால் தாத்தாவின் சந்தனத்தால் ஜெயித்தேன் என்றா சொல்வது?

"போனைக் கொடுங்கோ" என்றேன்.

மாமி எடுத்ததும் கொதித்தாள். "மாமி, என் கம்ப்யூட்டர்..."

"தெரியும். பெட்டியைத் திருப்பி முதுகைப் பாருங்கோ."

இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஈஸ்வரா! இதென்ன, ஒண்ணு பாக்கியில்லாம பொட்டு வச்சிருக்கு?" என்ற குரல்.

"உங்க சம்பந்தி வச்சது" என்றேன். இவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "மன்னிச்சுக்கணும் மாமி, பக்தியில பண்ணிட்டேன்" என்றார். அவ்வளவுதான், மாமிக்குச் சிரிப்பு வெடித்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. கொண்டை ஊசியை எடுங்கோ என்று சொல்ல வாயெடுக்கிறேன், சிரிப்பில் வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கம் சுப்ரியா, "என்னாச்சு, யாராவது சொல்லுங்கோளேன்!" என்று கத்துவது கேட்டது. நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் மாமியின் நேரம் முடிந்து, நான் வென்றதாகத் திரையில் எழுதிவிட்டது.

"இது செல்லாது மாமி. சுரண்டிட்டு வாங்கோ, திரும்ப ஆடலாம்" என்றேன்.

"மாமி, என் குதிரை எங்க நிக்கறதுன்னு பார்த்தேளா?"

பார்த்தேன். குதிரையும் மந்திரியும் சேர்ந்து என் ராஜாவை மூலையில் முடுக்கியிருந்தார்கள். இன்னும் இரண்டு நகர்த்தல்தான், என் கதை முடிந்திருக்கும். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"நான் ஆட்டத்துல தோக்கல, நேரத்துலதான் தோத்தேன். ரெண்டும் ஒண்ணில்ல, கேட்டேளா?" என்றாள் மாமி. இதைச் சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை என்று நினைத்திருந்தேன். "இத்தனை நாள் நீங்க சொன்னப்பல்லாம் சாக்கு சொல்றேள்னு சிரிச்சேன். அதுக்கு இது சரியாப் போச்சு. தோத்தது தோத்ததுதான். பொண்ணை அழைச்சுண்டு போங்கோ. ஆனா நானும் கூட வருவேன், மரப்பலகை கொண்டு வருவேன். அதுல ஆடுவோம்."

"வாங்கோ. வந்து தோத்துட்டுப் போங்கோ" என்றேன்.

சுப்ரியா போனைப் பிடுங்கினாள். "அம்மா, ரசத்துல பூண்டு கொஞ்சமாப் போடு."

"போடி, நிறையத்தான் போடுவேன்" என்றேன். கண்ணெல்லாம் தண்ணீர்.

திரும்பினால் இவர் பூஜை அறையிலிருந்து சந்தனக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டரைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறார். "தொட்டேளோ, கையை உடைச்சுடுவேன்!" என்று பாய்ந்தேன்.

"அதுக்கில்லடி" என்று என் நெற்றியில் ஒரே ஒரு பொட்டு வைத்தார். சில்லென்று இருந்தது.