கழற்றி வைத்த ஒயர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. எல்லாக் கதையும் பொய்தானே என்று நீங்கள் சொல்லலாம். அந்தச் சமாதானத்தை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒட்டவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"அப்பா போனை எடுத்தார், மோடம் செத்தது."

இரண்டு பாதியும் உண்மை. சேர்த்து எழுதியதுதான் அயோக்கியத்தனம். அடித்துவிட்டேன். ஆனால் அழிக்கவில்லை, நீங்களும் பார்க்க வேண்டும் என்று.

2

அப்பா தொலைபேசி லைன்மேன். ஓய்வு பெற்ற பிறகும் மணிக்கு ஒரு தரம் வீட்டுப் போனை எடுத்துக் காதில் வைப்பார். யாரிடமும் பேச மாட்டார். டயல் டோன் வருகிறதா என்று கேட்பார், தலையாட்டுவார், வைத்துவிடுவார். சிலர் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

அக்கா வீட்டிலிருந்தே மருத்துவர்களின் ஒலிநாடாக்களைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கணினிக்குள் இருந்த மோடம் வழியாக, அதே போன் லைனில், மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பும்போது யாராவது போனை எடுத்தால் தொடர்பு அறுந்துவிடும். அதற்காக வீட்டில் ஒரு சட்டம்: போன் மேல் சிவப்புத் துணி கிடந்தால் தொடக் கூடாது. அனுப்பி முடித்ததும் துணி சுவர் ஆணிக்குப் போய்விடும்.

(அந்தத் துணி அக்காவின் பழைய பாவாடையில் கிழித்தது. கதைக்குத் தேவையில்லை. ஆனால் இதில் நான் கூட்டாமல் குறைக்காமல் சொல்லக்கூடிய சில விஷயங்களில் அதுவும் ஒன்று.)

3

இனி என் பாத்திரம். இவனை எனக்குப் பிடிக்கவில்லை. பொறியியல் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவன். பார்சல் கிடங்கில் இரவு வேலை, பகலில் தூக்கம். மூன்றாவது வரைவில் இவனுக்குக் கொஞ்சம் சோகம் போட்டுப் பார்த்தேன்: "இருண்ட கனவுகள் அவன் கண்களில்—"

வேண்டாம். அவன் கண்களில் தூக்கம்தான் இருந்தது.

அந்த வாரம் மோடம் தொடர்பு தானாகவே மூன்று முறை அறுந்தது.

"டேய் இன்ஜினியர்," என்றாள் அக்கா. படிப்பை விட்ட நாளிலிருந்து அதுதான் என் பெயர். "இன்னொரு தரம் லேட்டானா வேற ஆளப் பாத்துக்குவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்கடா. ஏதாவது தெரியுமா உனக்கு, இல்ல சும்மா பேச்சு மட்டும்தானா?"

"ஃபர்ம்வேரப் புதுசாக்கணும்க்கா. பத்து நிமிஷ வேலை."

ஃபர்ம்வேர் என்பது மோடத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் நிரல். பழையதை அழித்துப் புதியதை எழுத வேண்டும். தப்பாக எழுதினால் மோடம் தான் யார் என்பதையே மறந்துவிடும்.

கணினிப் பெட்டியைத் திறந்து மோடம் கார்டின் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். கிடங்குக் கணினியில் அதற்கான கோப்பை ஃபிளாப்பியில் இறக்கும்போது கை வேர்த்துக் கடைசி எண் கலைந்திருந்தது. மூன்றா, எட்டா? பெரிய எண் புதியதாகத்தான் இருக்கும் என்று எட்டை எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியை மறுபடி திறந்து பார்த்திருக்கலாம். நான்கு திருகாணிகள். சோம்பல்.

4

மறுநாள் மதியம் இரண்டரை. வேலையைத் தொடங்கும் முன் போன் ஒயரை மோடத்திலிருந்து கழற்றித் தரையில் போட்டேன். ஃபர்ம்வேர் எழுத லைன் தேவையில்லை, கழற்றிவிடுவது நல்லது என்று கோப்போடு வந்த குறிப்பில் இருந்தது. துணி ஆணியிலேயே தொங்கியது.

அப்பா வந்தார். போனை எடுத்துக் கேட்டார்.

"டோன் சுத்தமா இருக்குடா," என்றார். "கோளாறு லைன்ல இல்ல."

"சரிப்பா, தொந்தரவு பண்ணாதீங்க."

அவர் உள்ளே போனார். திரையில் ஒரு கேள்வி வந்தது: கார்டும் கோப்பும் பொருந்தவில்லை, தொடரவா? நான் 'ஆம்' அழுத்தினேன். (ஏன் என்று கேட்காதீர்கள். அந்த ஏனுக்கு மட்டும் நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன். வேண்டாம் என்று அழுத்தினால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும், அவ்வளவுதான்.)

மோடம் அதன் பிறகு வாயே திறக்கவில்லை.

அக்காவைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். இந்த வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கதை முழுவதும். ஆணியிலிருந்து சிவப்புத் துணியை எடுத்துப் போன் பக்கத்தில், யாரோ எடுத்துப் போட்டது போலக் கசக்கிப் போட்டேன்.

5

"துணி போட்டுத்தான் வெச்சிருந்தேன்க்கா. அப்பா போன எடுத்துட்டாரு. நடுவுல அறுந்துடுச்சு."

அக்கா அப்பாவைக் கூப்பிட்டாள். "போன எடுத்தீங்களா?"

"எடுத்தேன்மா."

"துணி கெடந்துச்சே, கண்ணு தெரியலயா? ரிடையராகி எத்தன வருஷம் ஆச்சு, இன்னும் என்னப்பா லைன்மேன் வேலை? என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே!"

அப்பா துணியைப் பார்த்தார். தரையில் கிடந்த ஒயரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஒயரை எடுத்து, கம்பத்தடியில் செய்வது போல, கையிலும் முழங்கையிலுமாகச் சுற்றி மேசையில் வைத்தார்.

"இனிமே தொடலம்மா," என்றார்.

அக்கா தட்டச்சு செய்ததை ஒரு ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு பேருந்தில் ஓடினாள். போய்ச் சேரும்போது ஆறேகால். அந்த வேலை போயிற்று. வேறு வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது.

அப்பா அன்று முதல் போனைத் தொடவில்லை. பத்தொன்பது வருடம். மணி அடித்தால், "யாராவது எடுங்கப்பா," என்று உள்ளே இருந்தபடியே கூப்பிடுவார்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அப்பாவுக்கு எதுவும் தெரியாது. லைனில் இருபத்தெட்டு வருடம் நின்றவருக்குக் கழற்றிய ஒயர் என்றால் என்னவென்று தெரியாதாம். இதை நம்பும் வாசகர் எனக்கு வேண்டாம்.

இரண்டாவது முடிவில் நான் அவர் காலில் விழுகிறேன், அவர் தலையைத் தடவுகிறார், இருவரும்—

வெட்கக்கேடு.

மூன்றாவது முடிவை நான் எழுத முடியாது. காரணம் சொல்கிறேன். எனக்குத் தட்டச்சு வராது. நான் கையால் எழுதுவதையெல்லாம் கணினியில் ஏற்றித் தருவது அக்கா. பிழை திருத்துவாள், "ஏன்டா எல்லாத்துலயும் ஒருத்தன் தூங்கிட்டே இருக்கான்" என்று திட்டுவாள். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவள் உங்களுக்கு முன்னால் படித்துவிட்டாள்.

அக்கா, ஐந்தாம் பகுதியில் நீ சொன்னதை ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. நீ மாற்றிக்கொள்ளலாம். கடைசியில் அரைப் பக்கம் வெற்றாக விட்டிருக்கிறேன், உனக்கோ அவருக்கோ.

வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. தாள்களை உன் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். சிவப்புத் துணி ஆணியில்தான் இருக்கிறது.